சீனி பார்க்க என்று எடுத்த இரத்தம்

அன்பு மகன்,

"நான் இங்கே நல்ல சுகம், அதுபோல் உன் சுகமறிய ஆவல்" என்று தொடங்கித்தான், நீ படிப்புக்கென்று திருகோணமலையை விட்டுப் போன நாளிலிருந்து உனக்கு எழுதி வந்திருக்கிறேன். இந்த முறை அந்த வரியை எழுதக் கை வரவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு உன் பேராசிரியர் என் வீட்டுக்கு வரப்போகிறார். அந்த மருந்தைத் தருவதற்கு முன்னால் உங்கள் மகன் உங்களிடம் விஷயத்தைச் சொன்னாரா என்று கேட்கப்போகிறார். நான் "ஓம்" என்று ஒரு சொல் சொல்லவேண்டும் என்பது உன் விருப்பம். உன் கலியாணம் முடிந்த கையோடு அதை என் காதில் போட்டுவிட்டுத்தான் நீ காரில் ஏறினாய். நான் என்ன சொல்லப்போகிறேன் என்பதைத்தான் இதில் எழுதுகிறேன். ஆனால் எடுத்த எடுப்பில் கடைசிப் பக்கத்துக்குப் பாயாதே. உனக்கு எப்போதும் விடையைத் தெரிந்துகொள்ள அவசரம். இந்த ஒருமுறை அம்மா சொல்கிற ஒழுங்கில் வாசி. றோசலினையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசி. அவள் நம் குடும்பத்துக்கு வந்த பிள்ளை, அவளுக்கு ஒளிக்க இதில் ஒன்றும் இல்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். அதற்கு என்ன காரணம் என்று என்னைவிட உனக்கு நன்றாகத் தெரியும்.

உன் அப்பாவிலிருந்து தொடங்குகிறேன். வெள்ளைக்காரன் கடற்படைத் தளத்தைக் கொடுத்துவிட்டுப் போன நேரம் நீ சின்னப் பிள்ளை. அப்பா அங்கே கப்பல் எஞ்சின் திருத்துகிற வேலையில் இருந்தவர். கைவேலைக்காரர் என்றபடியால், தான் போகிற வெளிநாட்டுத் தளத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போக அவருடைய துரைக்கு விருப்பம். அப்பாவுக்கும் உள்ளுக்குள் கொள்ளை ஆசை. அது எனக்குத் தெரியாதா? கப்பல் என்றால் அவருக்குச் சோறு தண்ணி வேண்டாம். அன்றைக்கு வேலை முடிந்து வந்தவர் கை கழுவக்கூட இல்லை, நேரே குசினி வாசலில் வந்து நின்றார். "துரை கூப்பிடுறான். போவமோ, இருப்பமோ? நீர் சொல்லும்" என்றார். "நான் சொல்லுறதைக் கேட்டே நீங்கள் போகப்போறீங்கள்?" என்று நான் சிரித்தேன். "கேக்காமல் எப்பிடிப் போறது? உம்மையும் பிள்ளையையும்தானே கொண்டுபோகவேணும்" என்றார். நான் இருப்போம் என்றேன். இருந்தோம். அவர் மூதூருக்குச் சனம் ஏற்றுகிற லாஞ்சில் எஞ்சின் வேலைக்குச் சேர்ந்தார், நான் ஜெட்டிக்குப் பக்கத்தில் சாப்பாட்டுக்கடை போட்டேன். சாகும்வரைக்கும் அந்தக் கதையை அவர் ஒருநாளும் குத்திக் காட்டவில்லை. வெளிக்கடலுக்குப் போகிற கப்பலைப் பார்த்துக்கொண்டு நிற்பார், பிறகு வந்து சாப்பிடுவார், அவ்வளவுதான்.

அந்த மனுசனுக்கு வந்த வருத்தத்தை நீ மறந்திருக்கமாட்டாய். நீ பெரிய சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். முதலில் பல் முரசால் இரத்தம் வடிந்தது, பல் தீட்டும்போது கோப்பையெல்லாம் சிவப்பு. லாஞ்சின் விளிம்பில் சும்மா சாய்ந்தாலும் முதுகு நீலம் பாரித்துவிடும். ஆஸ்பத்திரியில் இரத்தத்தில் வந்த புற்றுநோய் என்றார்கள். எனக்கு அது விளங்கவில்லை. கட்டி என்றால் வெட்டலாம், இரத்தத்தை எப்படி வெட்டுவது? அந்த இளம் டொக்டர் பொறுமையான பிள்ளை, கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்லித் தந்தார். "உடம்பு முழுக்கச் சின்னச் சின்னக் கலங்களாலதான் ஆனது அம்மா. இவருக்கு இரத்தத்தில இருக்கிற வெள்ளைக் கலங்கள் கட்டுப்பாடில்லாமல் பெருகுது. பெருகிறதை நிப்பாட்ட வெளிநாட்டில ஊசி இருக்கு. எங்களிட்டை இல்லை." அப்போது நீதான் கேட்டாய், அந்த ஊசி மருந்தை எதில் செய்கிறார்கள் என்று. டொக்டர் உன்னைப் பார்த்து, "சொன்னா நம்பமாட்டீர் தம்பி. பட்டிப்பூவில" என்றார். எங்கள் சேமக்காலையில் கால் வைக்க இடமில்லாமல் பூத்துக் கிடக்கிற பூ! தண்ணீர் ஊற்றாமலே நிற்கும் என்று கல்லறைக்குக் கல்லறை நடுகிற பூ, வீட்டு வாசலில் நட்டால் சனம் முகம் சுளிக்கிற பூ. அது மருந்தாம், அதைக் கப்பலில்தான் எடுப்பிக்க வேண்டுமாம். எடுப்பிக்க ஆளுமில்லை, அதற்குக் காலமும் இருக்கவில்லை. அப்பாவைக் கொண்டுபோய் வைத்த குழியைச் சுற்றியும் அதுதான் வெள்ளையும் ஊதாவுமாகப் பூத்திருந்தது. நீ ஆவேசம் வந்ததுபோல் அதை வேரோடு பிடுங்கி எறிந்தாய். அடுத்த கிழமை நீயே போய் வெள்ளைப் பூவாகப் பார்த்து அவருடைய தலைமாட்டில் நட்டாய். "நான் படிச்சு இதுக்கு ஒரு வழி பாப்பன் அம்மா" என்றாய். நான் உன்னைக் கட்டிக்கொண்டு அழுதேன். அந்தச் சொல்லை நீ காப்பாற்றவில்லை என்று நான் சொல்லவரவில்லை. காப்பாற்றிய விதம்தான் என் வயிற்றை எரிக்கிறது.

நீ படித்தாய், கொழும்பில் ஆய்வுகூடத்தில் வேலையும் எடுத்தாய். எனக்குச் சீனி வருத்தம் வந்தது. நாடே சீனிக்கு வரிசையில் நின்ற காலம் அது. தேத்தண்ணிக்குப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வந்த சனத்துக்கு நடுவில், எனக்கு இரத்தத்தில் சீனி கூடிப்போச்சு என்றார்கள். கடைக்கு வந்தவர்கள் பகிடி பண்ணாத பகிடி இல்லை, "அக்கா, எங்களுக்கும் கொஞ்சம் தாங்கோவன்" என்று. பட்டிப்பூ இலையை அவித்துக் குடித்தால் குறையும் என்று கடையில் என்னோடு நிற்கிற பிலோமினா சொன்னாள். ஊரில் பாதிப்பேர் குடிக்கிறதுதான். ஆனால் பிறத்தியாரின் கல்லறையில் பிடுங்கிய இலையைக் குசினிக்குள் கொண்டுவர எனக்கு மனம் ஒப்பவில்லை. அப்பாவின் தலைமாட்டில் நின்ற வெள்ளைப் பூச்செடியில் மட்டும் பறித்தேன். அவர் என்னிடம் கேட்டுத்தான் எதையும் செய்தவர். இப்போது கேட்க வாயில்லாமல் இலையாகத் தருகிறார் என்று நினைத்துத்தான் குடித்தேன். இதை இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

நீ லீவில் வந்தபோது அடுப்பில் அந்த இலை கொதித்துக்கொண்டிருந்தது. பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாய். "அம்மா, வெளிநாட்டிலயும் உங்களை மாதிரி ஆக்கள் இருந்தவை. இது சீனிக்கு நல்லதோ எண்டு பாக்க எலிக்குக் குடுத்துப் பாத்தவை. சீனி குறையேல்லை, இரத்தத்தில வெள்ளைக் கலம்தான் குறைஞ்சுது. அதைப் பாத்துத்தான் புற்றுநோய்க்கு மருந்தே வந்தது" என்று சொன்னாய். "பாவம் எலி" என்று நானும் சிரித்தேன். அதன் பிறகு, எதற்கும் உங்கள் சீனி எவ்வளவு என்று பார்ப்போம் என்று என் கையில் இரத்தம் எடுத்துக்கொண்டு போனாய். அந்த முதல் முறை நீ சீனி பார்க்கத்தான் எடுத்தாய் என்று இன்றைக்கும் நம்புகிறேன். அந்த நம்பிக்கையை மட்டும் என்னிடமிருந்து பிடுங்காதே.

அடுத்தமுறை நீ மண்ணிறப் போத்தல் ஒன்றோடு வந்தாய். "இலையை அவிச்சுக் குடிச்சா ஒருநாள் கூடும், ஒருநாள் குறையும் அம்மா. நீங்கள் இலையைக் காயவைச்சு எனக்கு அனுப்புங்கோ. நான் அதில சத்தை எடுத்து அளவாத் தாறன். காலமை ஒரு கரண்டி, பின்னேரம் ஒரு கரண்டி." "சீனிக்குத்தானே?" என்று கேட்டேன். "சீனிக்குத்தான்" என்றாய். மகன், நீ இந்தக் கடிதத்தில் வேறு எதை மறந்தாலும் இந்த இடத்தை மறவாதே. நான் கேட்டேன். நீ என் முகத்தைப் பார்த்துச் சொன்னாய். பிறகு நான் பைத்தியக்காரிபோல் சேமக்காலைக்குப் போவதும், இலை பறிப்பதும், கடைக்குப் பின்னால் பாய் விரித்துக் கச்சான் காற்றில் காயவைப்பதுமாக இருந்தேன். இந்த ஊர் மான்கள் எதைத்தான் விட்டுவைக்கும்? வாழைப்பழத் தோலுக்கும் அடிபடுகிற மான்கள் அந்தப் பாய்க்குக் கிட்ட வந்து மணந்து பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போகும். மிருகத்துக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

நீ மாதா மாதம் வரத் தொடங்கினாய். வந்தால் கதிரையை எனக்கு முன்னால் போட்டுக்கொண்டு இருந்து கேட்பாய். சாப்பாடு இறங்குதோ, நித்திரை வருதோ, வயிறு ஒழுங்காப் போகுதோ, தலைமயிர் கொட்டுதோ, கால் விறைக்குதோ. நான் ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லுவேன். பிலோமினாவுக்கு ஒரே ஆச்சரியம். "எங்கட பெடியள் வந்தா என்ன கறி எண்டுதான் அக்கா கேக்கும். உங்கட மகன் தாயின்ர தலைமயிரைக்கூட விசாரிக்கிறானே!" என்பாள். எனக்குத் தலைகால் தெரியாத பெருமை. லாஞ்சுக்குக் காத்திருக்கிற முன்பின் தெரியாத ஆட்களைக்கூடப் பிடித்து வைத்து உன் புகழ் பாடியிருக்கிறேன். சோறு ஆறுகிறது, விடுங்கோ அம்மா என்று அவர்கள் கெஞ்சும்வரைக்கும் பாடியிருக்கிறேன்.

அதற்குள் என் உடம்பு என் சொல்லைக் கேட்காமல் போய்விட்டது. வாயெல்லாம் புண். காய்ச்சல் வந்தால் இலேசில் விடாது. வயிறு கல்லாய் இறுகிப்போகும். பிறகு விரல் நுனிகள் மரத்துப்போயின. ஊசியில் நூல் கோர்க்க ஏலாது, சட்டைக்குத் தெறி பூட்ட ஏலாது. செபமாலை சொல்லும்போது மணி விரலில் இருக்கிறதா என்று குனிந்து பார்க்கவேண்டியிருந்தது. ஒருநாள் மத்தியானம் லாஞ்சால் இறங்கிய சனத்துக்கு மீன் பொரித்துக்கொண்டு நின்றவள், தாச்சியை வெறுங்கையால் பிடித்து இறக்கியிருக்கிறேன். "ஐயோ அக்கா, கை! கையை விடுங்கோ!" என்று பிலோமினா குழறிய பிறகுதான் தோல் கருகின மணமே எனக்கு வந்தது. நோகவில்லை, மகன். அடுப்படியில் காலம் கழித்தவளுக்கு நெருப்புச் சுடவில்லை என்றால் அதைவிடப் பயம் வேறு என்ன? நீ கேள்விப்பட்டு ஓடிவந்தாய். குண்டூசியால் ஒவ்வொரு விரலாகக் குத்தி, "இது தெரியுதோ? இது?" என்று கேட்டாய். எனக்கு எதுவும் தெரியவில்லை. "சீனி வருத்தக்காரருக்கு இப்பிடித்தான் அம்மா விறைக்கும். இது சீனியின்ர வேலை." "அப்ப மருந்தைக் கொஞ்சம் கூட்டிக் குடிக்கட்டோ?" என்றேன். நீ குண்டூசியைத் துடைத்து வைத்தாய். "வேண்டாம். இருக்கிறபடி குடியுங்கோ" என்றாய். பிறகு புண்ணுக்கு மருந்து பூசி, வடிவாகத் துணி சுற்றிக் கட்டிவிட்டாய். நான் குனிந்து உன் தலையில் கொஞ்சினேன்.

இனிக் கலியாண வீட்டுக்கு வருகிறேன். றோசலின், பிள்ளை, உன் நல்ல நாளை நான் பழுதாக்க நினைக்கவில்லை. அன்றைக்கு உன்னைப் பார்த்து மாதாவுக்கு நன்றி சொன்னேன், அது பொய்யில்லை. கொழும்பு மண்டபத்தில் கேக் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தபோது அந்தப் பேராசிரியர் வந்து என் பக்கத்தில் அமர்ந்தார். "அம்மா, உங்களைச் சந்திக்கவேணுமெண்டு எவ்வளவு நாளாக் காத்திருந்தனான் தெரியுமோ? மகன்ர மருந்தை முதல்ல தன்ர உடம்பில பாக்கச் சொல்லி முன்வந்த தாயை நான் இப்பதான் காணுறன்" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. காது கேளாதவள்போல் சிரித்துக்கொண்டிருந்தேன். அவர் பாவம், மனம் நிறைந்து சொல்லிக்கொண்டே போனார். நான் குடித்தது சீனிக்கு இல்லையாம். கலங்கள் பெருகுவதை நிறுத்துகிற மருந்தாம். ஊசியாக ஏற்றாமல் வாயால் குடித்தாலும் இரத்தத்தில் வெள்ளைக் கலம் குறைகிறதா என்று என் இரத்தத்தில் பார்த்தீர்களாம். குறைந்ததாம், நல்லாகக் குறைந்ததாம். "அதைவிடப் பெரிய விஷயம், உங்களுக்கு ஒரு கெடுதலும் செய்யேல்லை எண்டு மகன் எழுதியிருக்கிறார். அது எங்களுக்குப் பெரிய தெம்பு அம்மா. இனி ஆஸ்பத்திரி வாட்டில இருக்கிற பிள்ளையளுக்குக் குடுத்துப் பாக்கலாம்." தழும்பு விழுந்த கையை நான் சீலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டேன். ஏன் இழுத்தேன்? உன்னைக் காப்பாற்றத்தான், மகன். அந்த நேரத்திலும் என் கை உனக்காகத்தான் ஓடி ஒளித்தது. ஆனால் அவர் அதைக் கண்டுவிட்டார் போல. அதன் பிறகு என்னைப் பார்த்த பார்வை வேறாக இருந்தது.

மண்டபத்துக்குப் பின்னால் உன்னைக் கூப்பிட்டு நான் கேட்டதும் நீ சொன்னதும் எனக்கு மனப்பாடம். றோசலினுக்காக எழுதுகிறேன்.

"என்னட்டை ஏன் கேக்கேல்லை?"

"உங்களிட்டைக் கேக்கவேணுமோ அம்மா? கேட்டிருந்தா மாட்டன் எண்டு சொல்லியிருப்பீங்களோ?"

"சொல்லியிருக்கமாட்டன்."

"பிறகென்ன?"

"அப்ப ஏன் கேக்கேல்லை?"

நீ கழுத்துப் பட்டியைத் தளர்த்தினாய். எனக்குத் தெரிந்திருந்தால், வருகிற ஒவ்வொரு தலையிடியையும் மருந்தின் தலையில் கட்டியிருப்பேனாம், ஆராய்ச்சி குழம்பியிருக்குமாம். தெரியாமல் குடித்தால்தான் உண்மை தெரியுமாம். "அப்ப என்ர கை?" என்று கேட்டேன். "சீனியாலயும் அப்பிடி வரும்தானே அம்மா" என்றாய். "வரும்தானே" என்று மழுப்பினாய் பார், அந்த ஒரு சொல்லில் உனக்கு எல்லாம் தெரிந்திருந்தது என்று எனக்குத் தெரிந்துபோனது. அதற்குள் படமெடுக்கக் கூப்பிட்டார்கள். நானும் வந்து நின்றேன். அந்தப் படத்தில் எல்லாரையும்விட நான்தான் நன்றாகச் சிரிக்கிறேன் என்று சொன்னாயாம். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவளுக்கு அதுதான் வந்தது. பேராசிரியர் ஏதோ வேலையாகத் திருகோணமலைக்கு வருகிறார், வீட்டுக்கும் வருவார், கேட்டால் ஓம் என்று சொல்லுங்கோ, என் வெளிநாட்டுப் பயணம் அவர் கையில்தான் இருக்கு என்று நீ சொன்னது காருக்குப் பக்கத்தில். அப்போதும் உன் வாயில் "மன்னியுங்கோ" என்று வரவில்லை. "ஒரு சொல்லுத்தானே அம்மா" என்றுதான் வந்தது.

வீட்டுக்கு வந்து போத்தலைக் குப்பையில் போட்டேன். காய்ச்சல் நின்றுவிட்டது, வாய்ப்புண் ஆறிவிட்டது. விரல்கள் மட்டும் இன்னும் எனக்குச் சொந்தமாகவில்லை. விரலைக்கூட விடு. வந்துவிடும், வராவிட்டாலும் இருக்கிற காலத்தை ஓட்டிவிடுவேன். இரத்தத்தை எடுத்தாயே என்பதும் இல்லை, என் உடம்பில் ஊறின இரத்தத்தில்தான் நீயே உருவானவன். ஆனால் மாதா மாதம் வந்து முன்னால் இருந்து, நித்திரை வந்ததோ, சாப்பாடு இறங்கினதோ என்று கேட்டாயே, அது யார் கேட்டது? என் பிள்ளை கேட்டானா, ஆய்வுகூடத்து ஆள் கேட்டானா? இதைத்தான் நான் ஒவ்வொரு நாளும் பிரித்துப் பார்க்கிறேன், பிரிக்க ஏலாமல் இருக்கிறது. கலியாணம் முடிந்த அடுத்த கிழமை "சுகமா இருக்கிறீங்களோ" என்று எழுதியிருந்தாய். அதை வாசித்ததும் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எந்தத் தாய்க்கு இப்படி நடக்கும்? தாயைப் பட்டினி போட்ட பிள்ளைகளை, அடித்துத் துரத்திய பிள்ளைகளை இந்த ஜெட்டியில் நான் கண்டிருக்கிறேன். அந்தத் தாய்மார் ஏசுவார்கள், அழுவார்கள், முடிந்துவிடும். என்னுடைய பிள்ளை என்னைத் தாங்கித் தாங்கியல்லவா ஏமாற்றினான்.

பிலோமினா சொல்கிறாள், "பிழை உங்களிலதான் அக்கா. வாய் திறக்க முன்னம் எல்லாத்தையும் தூக்கிக் குடுத்து வளத்தீங்கள். அவனுக்குக் கேக்கிற பழக்கம் எப்பிடி வரும்?" என்று. அவளுக்கு நல்ல ஏச்சுக் கொடுத்தேன். இந்தப் பழியை நான் ஏற்கமாட்டேன். மீனில் நல்ல துண்டைக் கேட்காமலே பிள்ளையின் சோற்றுக் கோப்பையில் வைக்காத தாய் இந்தத் துறைமுகத்தில் யார் இருக்கிறாள்? அதற்காக எல்லாப் பிள்ளையும் தாய்க்குப் போத்தலில் பொய்யை ஊற்றிக் கொடுக்கிறதா? அப்பா என்னிடம் கேட்டதைப் பார்த்துத்தான் நீ வளர்ந்தாய். குசினி வாசலில் அவர் நின்று கேட்டபோது நீ என் சீலையைப் பிடித்துக்கொண்டுதான் நின்றாய்.

நீ கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் தெரியுமா? "அம்மா, அப்பாவுக்குக் கிடைக்காத மருந்தை எங்கட ஏழைப் பிள்ளையளும் குடிக்கக்கூடிய மாதிரிச் செய்து பாக்கிறன். யாராவது முதல்ல குடிக்கவேணும். விரல் விறைக்கும், வாய் புண்ணாகும், ஆபத்தும் இருக்கு. குடிப்பீங்களோ?" என்று கேட்டிருந்தால், நீ சொல்லி முடிக்கமுன் போத்தலை வாங்கியிருப்பேன். தாச்சி சுட்டபோதும் உன்னைத்தான் முதலில் தேற்றியிருப்பேன். என் புருசன் சாகக் கிடந்தபோது இல்லாத மருந்துக்காக என் விரலென்ன, கையையே தந்திருப்பேன். என் வாழ்க்கையில் நான் செய்திருக்கக்கூடிய பெரிய காரியம் அதுதான். அதை நான் செய்யாமல், என்னை வைத்து நீ செய்துவிட்டாய். அந்தப் பேராசிரியர் புகழ்ந்தாரே ஒரு தாய், அவளாக நான் இருந்திருக்கலாம். அதைத்தான் நீ என்னிடமிருந்து களவெடுத்தாய்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். விஷயம் எனக்கும் உனக்கும் இடையில் மட்டும் இருந்தால், சத்தியமாகச் சொல்கிறேன், நான் "ஓம்" என்று சொல்லியிருப்பேன். பொய்க்குப் பாவசங்கீர்த்தனம் இருக்கிறது, பிள்ளைக்காகச் சொல்லாத பொய்யா? ஆனால் நீ அந்தப் போத்தலை வாட்டில் கிடக்கிற பிள்ளைகளுக்குக் கொடுக்கப்போகிறாய். ஒரு கெடுதலும் செய்யவில்லை என்ற உன் எழுத்தை நம்பித்தான் கொடுக்கப்போகிறார்கள். ஒரு தாய் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு, இது என்ன மருந்து டொக்டர் என்று கேட்பாள். நான் கேட்டதுபோலத்தான் கேட்பாள். பிள்ளைக்கு நெருப்புச் சுடாமல் போனால், அதற்கு நோய்தான் காரணம் என்று அவளுக்கும் சொல்லுவார்கள். அவளுக்கு விளங்கப்படுத்த ஒரு கொழும்புக் கலியாண மண்டபமும் இருக்காது. அந்தத் தாய்க்கு எதிராக நான் "ஓம்" சொல்லமாட்டேன், மகன். என் பிள்ளைக்காகவும் சொல்லமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவர் கேட்டால், இல்லை என்பேன், என் மகன் சீனிக்கென்றுதான் தந்தான் என்பேன், இந்தக் கையையும் நீட்டிக் காட்டுவேன்.

உன் பயணம் நின்றுபோகலாம். உன் மாமனார் வீட்டில், பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுத்த தாய் என்று என்னைப் பேசலாம், பேசட்டும். றோசலின், உனக்கு ஒரு சொல்: இவன் கெட்டவனில்லை. ஆனால் உனக்கு நல்லது என்று தானே தீர்மானித்து எதையாவது உன் கையில் தந்தால், என்ன என்று கேள். பதில் வந்த பிறகும் இன்னொருதரம் கேள்.

கொழும்புக்குப் போகிற பிலோமினாவின் தமையனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன், வியாழக்கிழமை உன் கைக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் உனக்கு நேரம் இருக்கிறது. நீயே பேராசிரியரிடம் போ. கேட்கவில்லை என்றும், தாய்க்கு என்ன நடந்தது என்றும் உன் வாயால் சொல். நீ சொல்லியிருந்தால், அவர் இங்கே வரும்போது, என் மகன் சொன்னது சரி என்பதோடு நிறுத்திக்கொள்வேன், தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து அனுப்புவேன். நீ சொல்லாவிட்டால் நான் சொல்லுவேன். இரண்டில் எது என்று தீர்மானிக்க வேண்டியவன் நீ. உனக்கு நான் என்ன செய்யப்போகிறேன் என்பதை, செய்வதற்கு முன்னால், உன்னிடம் சொல்லிவிட்டேன்.

அம்மா